ஒரு வெற்றிக்கும் அடுத்த வெற்றிக்கும் நடுவில் 63 மாசம்: அதிதி அசோக் கதையில் ஒரு சம்பளக் கணக்கு



2017 நவம்பர், அபுதாபி. 19 வயசு அதிதி அசோக், பெண்களுக்கான ஐரோப்பிய கோல்ஃப் டூரில் தன்னோட மூன்றாவது பட்டத்தை ஜெயிக்கிறாங்க. அதே டூரில் நாலாவது பட்டம் எப்போ வந்தது தெரியுமா? 2023 பிப்ரவரியில், கென்யாவில். நடுவில் 63 மாசம்.

விளையாட்டுப் பக்கம் படிக்கிறவங்க இதை "ஃபார்ம் போயிடுச்சு, திரும்ப வந்துடுச்சு"ன்னு ஒரே வரியில் கடந்துடுவாங்க. எனக்கு ஆடிட்டர் புத்தி. எனக்கு வர்ற கேள்வி வேற: அந்த 63 மாசமும் விமான டிக்கெட், ஹோட்டல், உதவியாளர் சம்பளம், கோச் ஃபீஸ் எல்லாம் எந்தப் பணத்தில் ஓடியது?

அரக்கோணத்தில் இருந்து தினமும் சென்னைக்கு ரயில் ஏறுற உங்களுக்கும், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிற உங்களுக்கும் கோல்ஃப் எதுக்குன்னு தோணலாம். காரணம் இருக்கு. "வேலையை விட்டுட்டு சொந்தமா ஆரம்பிக்கலாமா?"ன்னு கேட்டு நம்ம சேனலுக்கு நிறைய கேள்வி வருது. சிலருக்கு ஃப்ரீலான்ஸ், சிலருக்கு யூடியூப், சிலருக்கு போட்டோகிராஃபி, சிலருக்கு விளையாட்டு. எல்லாருக்கும் ஆசை தெளிவா இருக்கு, கணக்குதான் மங்கலா இருக்கு. அந்தக் கணக்கை ரொம்பப் பச்சையா காட்டுற தொழில் புரொஃபஷனல் கோல்ஃப். அதனால்தான் இந்தப் பாடம்.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கலாம்

அதிதி அசோக் பெங்களூருவில் 1998 மார்ச் 29 அன்று பிறந்தவங்க. 5 வயசில் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தாங்க. 2015 டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பிய டூர் தகுதிப் போட்டியை 17 வயசில் ஜெயிச்சாங்க. அதை ஜெயிச்ச முதல் இந்தியர் அவங்கதான். 2016 ஜனவரி 1 முதல் புரொஃபஷனல்.

அந்த முதல் வருஷம் அப்படி ஒரு வருஷம். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸ், 18 வயசு, அப்பாதான் கேடி. (கோல்ஃப் பையைத் தூக்கிட்டு கூடவே வந்து, தூரம், காற்று, எந்த மட்டை என்று யோசனை சொல்றவருக்குப் பேர் கேடி. நம்ம ஊர் கேடி இல்லை!) நவம்பரில் குருகிராமில் நடந்த இந்தியன் ஓப்பனை ஜெயிச்சு, ஐரோப்பிய டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனாங்க. அதே மாசக் கடைசியில் கத்தாரில் இன்னொரு பட்டம். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் விருதும் அவங்களுக்குத்தான். 2017 முதல் அமெரிக்காவின் எல்பிஜிஏ டூர். பெண்கள் கோல்ஃபில் அதைவிடப் பெரிய மேடை கிடையாது. அவங்களுக்கு முன்னாடி அந்த மேடையில் ஆடிய முதல் இந்தியப் பெண் கொல்கத்தாவின் ஸ்மிருதி மெஹ்ரா.

கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? இப்போ பணம் எப்படி வருதுன்னு பார்க்கலாம்.

கோல்ஃபில் சம்பளம் கிடையாது, பீஸ் ரேட்தான்

கோல்ஃப் போட்டி பெரும்பாலும் 4 நாள். தினமும் 18 குழி. குறைந்த அடியில் முடிக்கிறவங்க ஜெயிப்பாங்க. எல்பிஜிஏவில் ஒரு சாதாரண வாரத்தில் சுமார் 140 பேர் ஆடத் தொடங்குவாங்க. 2 நாள் முடிஞ்சதும் 'கட்' விழும். சுமார் 65 இடத்துக்குள் இருக்கிறவங்களும் அதே ஸ்கோரில் சமமா நிற்கிறவங்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடலாம். மீதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்புறவங்களுக்குக் காசு? பெரும்பாலான போட்டிகளில் பூஜ்யம். சில பெரிய போட்டிகள் மட்டும் ஒரு சின்னத் தொகை தருது. டூர் நிர்வாகம் உங்களை வேலைக்கு வைக்கலை. டிக்கெட் உங்க செலவு, ரூம் உங்க செலவு, சாப்பாடு உங்க செலவு, கேடி சம்பளம் உங்க செலவு.

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கிறவங்களுக்கு பீஸ் ரேட் புதுசு இல்லை. தைச்ச ஜோடிக்குத்தான் காசு. ஆனா அங்கேகூட மெஷின் முதலாளியோடது, தோல் முதலாளியோடது. கோல்ஃபில் மெஷினும் உங்களோடது, தோலும் உங்களோடது, கம்பெனிக்குப் போற பஸ் காசும் உங்களோடது. அதுக்கு மேல, 140 பேர் தைச்சா முதல் 65 பேரோட சரக்கை மட்டும்தான் எடுத்துக்குவேன்னு முதலாளி சொன்னா எப்படி? அதுதான் இந்தத் தொழில்.

இப்போ உங்க சம்பளத்தைப் பாருங்க. போன மாசம் உங்களுக்கு 2 நாள் காய்ச்சல், ஒரு ரிப்போர்ட் லேட், மேனேஜர்கிட்ட திட்டு. ஆனாலும் கடைசித் தேதியில் 'கிரெடிட்' மெசேஜ் வந்தது. கோல்ஃப் மொழியில் சொன்னா, நீங்க மாசாமாசம் கட் தாண்டிட்டே இருக்கீங்க. இதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையை நாம யாரும் கணக்கு போடுறதில்லை. கீழே போடலாம்.

90 லட்சம் எப்படி 70,000 ஆகும்?

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. இது அதிதியோட கணக்கு இல்லை. தொழில் எப்படி ஓடுதுன்னு புரிய, வட்டமான எண்களில் நானே போட்ட உதாரணம். வெளிநாட்டு டூரில் ஆடும் ஒரு இந்திய வீராங்கனை, வருஷத்துக்கு 22 போட்டி. 12இல் கட் தாண்டுறாங்க, 10இல் வெறுங்கை. 12 போட்டியிலும் சேர்ந்து பரிசுப் பணம் 90 லட்சம் ரூபாய்.

ஒரு வாரச் செலவு:
- விமானம்: 80,000
- ரூம், சாப்பாடு: 70,000
- கேடிக்கு வாரச் சம்பளம்: 80,000
- உள்ளூர்ப் பயணம், இதர செலவு: 20,000
- மொத்தம்: 2,50,000

22 வாரத்துக்கு 55 லட்சம். கோச், உடற்பயிற்சியாளர், பிசியோ, மட்டை, பந்து எல்லாம் வருஷத்துக்கு 10 லட்சம்னு வைப்போம். ஆக 65 லட்சம். கேடிக்கு வாரச் சம்பளம் போக, பரிசில் ஒரு பங்கும் கொடுப்பது வழக்கம். சராசரி 7% என்றால் 6,30,000. மொத்தச் செலவு 71,30,000. மீதி 18,70,000.

இதுவே பரவாயில்லைன்னு தோணுதா? வரி இன்னும் வரலை. பல நாடுகளில் வெளிநாட்டு வீரர்களுக்குப் பரிசுப் பணம் தரும்போதே வரி பிடிச்சுடுவாங்க. அதுவும் லாபத்தில் இல்லை, மொத்தப் பரிசில். சராசரி 20%னு வைச்சா 90 லட்சத்தில் 18 லட்சம் போயிடும். கையில் மிஞ்சுவது 70,000 ரூபாய். வருஷத்துக்கு!

அந்த 18 லட்சம் முழுக்கப் போனதுன்னு அர்த்தம் இல்லை. செலவைக் காட்டி ரிட்டர்ன் போட வழி இருக்கிற நாட்டில், பிறகு ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகம் முழுக்க வர்ற வருமானமும் இங்கே வரிக்குரியது. ஆனா அங்கே கட்டின வரிக்கு இங்கே கழிவு கேட்கலாம். அந்தக் கழிவு, அதே வருமானத்துக்கு இங்கே வர்ற வரி அளவுக்குத்தான் கிடைக்கும். எப்படியும் பணம் திரும்பக் கைக்கு வர மாசங்கள் ஆகும். அடுத்த வாரத்து டிக்கெட்டை இன்னைக்கே புக் பண்ணணும்.

செய்தியில் வரும் தலைப்பு "90 லட்சம் பரிசு". வங்கிக் கணக்கில் நிற்பது 70,000. யாரோட வருமானத்தைக் கேட்டாலும், 'மொத்தமா, செலவு போகவா?'ன்னு ஒரு கேள்வி கேட்கப் பழகுங்க. ஃப்ரீலான்ஸ் பண்ற நண்பர் "மாசம் ஒரு லட்சம் பில் போடுறேன்"னு சொன்னாலும் இதே கேள்விதான்.

கென்யாவில் முதல் இடம், லாஸ் ஏஞ்சலஸில் இரண்டாம் இடம்: எது பெருசு?

2023க்கு வருவோம். பிப்ரவரியில் கென்யாவில் அதிதி ஜெயிச்ச போட்டியின் மொத்தப் பரிசு 3 லட்சம் யூரோ. முதல் இடத்துக்கு 15%, அதாவது 45,000 யூரோ.

2 மாசம் கழிச்சு, ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு எல்பிஜிஏ போட்டி. 4 நாள் முடிவில் அதிதி, ஆஸ்திரேலியாவின் ஹன்னா கிரீன், சீனாவின் லின் ஷியூ மூணு பேரும் சமம். பிளேஆஃபில் கிரீன் ஜெயிச்சாங்க. மொத்தப் பரிசு 30 லட்சம் டாலர், முதல் பரிசு 4,50,000 டாலர். தோத்த இருவருக்கும் இரண்டாம், மூன்றாம் பரிசைச் சேர்த்துப் பாதிப்பாதி. அப்படியும் அது கென்யாவில் ஜெயிச்ச தொகையைவிடப் பல மடங்கு.

புரியுதா? எத்தனாவது இடம் என்பது முக்கியம்தான். ஆனா எந்த மேடையில் ஆடுறோம் என்பது அதைவிட முக்கியம். நம்ம வேலையிலும் இதே கதைதான். சுருங்கிக்கிட்டே வர்ற ஒரு துறையில் 'சிறந்த ஊழியர்' கேடயம் வாங்குறதைவிட, வளர்ற துறையில் சராசரி ஊழியரா இருப்பது சில சமயம் அதிகச் சம்பளம் தரும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, உங்க வேலைக்கே வேற துறையில் என்ன சம்பளம் தர்றாங்கன்னு பாருங்க. வேலை மாறணும்னு இல்லை, தெரிஞ்சு வைச்சுக்கணும்.

அதே நேரம் அதிதி சின்ன மேடையைக் கைவிடலை என்பதையும் கவனிங்க. எல்பிஜிஏவில் ஆடிக்கிட்டே ஐரோப்பிய டூரிலும் ஆடினாங்க. 2023 நவம்பரில் ஸ்பெயினில் இன்னொரு பட்டமும் அங்கேதான் வந்தது. பெரிய வாய்ப்பைத் தேடும்போது சின்ன வருமானத்தை மூடிடாதீங்க.

ஒரு அடி தூரம்

டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட். அப்போ அதிதியின் உலக ரேங்க் 200. இந்த முறை கேடி அவங்க அம்மா. 67, 66, 68, 68. நாலு நாளும் அசத்தலான ஆட்டம். மொத்தம் 269 அடி. வெள்ளி, வெண்கலம் வாங்கிய மோனே இனாமி, லிடியா கோ இருவரும் 268. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் நாலாவது இடம். அதுவரை கோல்ஃப் பக்கமே எட்டிப் பார்க்காத நாடு அன்னைக்குக் காலையில் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது.

ஒலிம்பிக்ஸ் கோல்ஃபில் பரிசுப் பணம் கிடையாது. மூணாவது இடத்துக்குப் பதக்கம் உண்டு, நாலாவது இடத்துக்கு அதுவும் இல்லை. பதக்கம் வாங்கினவங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் தரும் ரொக்கப் பரிசுக்கு வருமான வரி விலக்கும் இருக்கு. ஒரு அடி தள்ளி நின்னவங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

2 வருஷம் கழிச்சு இன்னொரு சம்பவம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. மூணாவது நாள் 61 அடி அடிச்சு, கடைசி நாளுக்கு 7 அடி முன்னிலையோட போறாங்க. தங்கம் உறுதின்னு எல்லாரும் எழுதிட்டாங்க. கடைசி நாள் 77. தாய்லாந்தின் அர்பிச்சயா யூபோல் தங்கம் எடுத்தாங்க, அதிதிக்கு வெள்ளி. அதுவே வரலாறுதான்: ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம்.

இங்கே பாடம் திறமையைப் பத்தினது இல்லை. உலகத் தரத்தில் ஆடுறவங்களுக்கே 7 அடி முன்னிலை ஒரு நாளில் கரையும். உங்க அப்ரைசல், உங்க போனஸ், உங்க ஆன்சைட் வாய்ப்பு எல்லாம் 7 அடி முன்னிலை மாதிரிதான். மார்ச்சில் வரப் போற போனஸை நம்பி ஜனவரியில் கார் லோன் எடுக்காதீங்க. கையில் வராத பணத்துக்கு இஎம்ஐ போடாதீங்க. போனஸ் வந்தா கடனை அடைக்கவும் சேமிக்கவும் பயன்படுத்துங்க. மாசச் செலவு எல்லாம் உறுதியான சம்பளத்துக்குள்ள மட்டும் நிக்கட்டும்.

அந்த 63 மாசம் எப்படி ஓடியது?

இப்போ முதல் கேள்விக்கு வரலாம். பட்டம் இல்லாத அந்த வருஷங்களில் ஒரு வீராங்கனையைத் தாங்குவது 4 விஷயம்.

1. கட் தாண்டுவது. முதல் இடம் வேண்டாம், 30ஆவது, 40ஆவது இடம் போதும். அந்த வாரச் செலவு வந்துடும். டூர் கார்டையும் காப்பாத்தலாம். ஒரு சீசனில் குறிப்பிட்ட இடத்துக்குள் முடிச்சாத்தான் அடுத்த சீசன் ஆட உரிமை. கார்டு போச்சுன்னா திரும்பத் தகுதிப் போட்டிதான்.

2. ஸ்பான்சர், அரசு உதவி. ஒலிம்பிக் பதக்க வாய்ப்பு உள்ளவங்களுக்கு மத்திய அரசு டாப்ஸ் திட்டத்தில் உதவுது. அதிதி அந்தப் பட்டியலில் இடம் பிடிச்சவங்க.

3. குடும்பத்தின் உழைப்பு. ரியோவில் அப்பா பை தூக்கினாங்க, டோக்கியோவில் அம்மா. பல தடவை கேடி சம்பளம் வீட்டுக்குள்ளேயே நின்னுடுச்சு. இன்னொரு இந்திய வீராங்கனை தீக்ஷா டாகருக்கும் அவங்க அப்பாதான் கோச்சும் கேடியும். இது இலவசம் மாதிரி தெரியும், ஆனா இலவசம் இல்லை. அந்த நேரத்தில் அவங்க வேற வேலை பார்த்துச் சம்பாதிச்சிருக்கலாம். நீங்க தொழில் ஆரம்பிச்சு, அம்மா பேக்கிங் பண்ணி, தம்பி டெலிவரி பண்ணா, அந்தச் சம்பளத்தையும் செலவில் எழுதுங்க. அதை எழுதின பிறகும் லாபம் வந்தாத்தான் அது தொழில்.

4. கையிருப்பு. நல்ல வருஷத்தில் வந்ததை மோசமான வருஷத்துக்கு எடுத்து வைப்பது.

ஆக, இந்தத் தொழிலில் நீடிக்கிறவங்களைக் காப்பாத்துவது வெற்றி மட்டும் இல்லை. ஒரு வெற்றிக்கும் அடுத்த வெற்றிக்கும் நடுவில் தாக்குப் பிடிக்கிற ஏற்பாடு. வேலையை விடணும்னு யோசிக்கிறவங்க "எவ்வளவு சம்பாதிப்பேன்?"னு கேட்கிறாங்க. நீங்க கேட்க வேண்டியது "ஜெயிக்காம எத்தனை மாசம் தாங்குவேன்?"

உங்க கட் எவ்வளவு? வாங்க, போடலாம்

மாதச் சம்பளம் 35,000, அதில் அடிப்படைச் சம்பளம் 18,000, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு தனின்னு வைச்சுக்கலாம்.

- வருஷச் சம்பளம்: 4,20,000
- நிறுவனம் போடும் பிஎஃப், மாசம் 1,800: 21,600
- ஒரு வருஷ வேலைக்குச் சேரும் கிராஜுவிட்டி: சுமார் 10,385
- கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டை நீங்களே வாங்கினா, உத்தேசமா: 12,000
- மொத்தம்: 4,63,985

இப்போ வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் போறீங்க. லேப்டாப் தேய்மானம், இன்டர்நெட், பயணம், மென்பொருள் எல்லாம் மாசம் 6,000னு வைச்சா வருஷத்துக்கு 72,000. ஆக, இப்போ இருக்கிற நிலையிலேயே நிக்க நீங்க போட வேண்டிய பில் 5,35,985. மாசம் சுமார் 44,700. வருஷத்தில் 2 மாசம் வேலையே வரலைன்னா, மீதி 10 மாசமும் தலா 53,600.

35,000 சம்பளக்காரர் "40,000 வருதே, லாபம்தானே"ன்னு வேலையை விட்டா, உண்மையில் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டார்னு அர்த்தம். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரலை. 60,000 வருமானம் நிலையா வர வாய்ப்பு இருந்தா கணக்கு உங்க பக்கம்தான். எண்ணைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க, அவ்வளவுதான்.

அடுத்தது கையிருப்பு. வீட்டுச் செலவு மாசம் 20,000, தொழில் செலவு 6,000, ஆக 26,000. ஒரு வருஷம் தாங்க 3,12,000 வேணும். மாசம் 10,000 சேர்த்தா சுமார் 31 மாசம். "அவ்வளவு நாளா!"ன்னு தோணும். அந்த 31 மாசமும் சம்பளம் வந்துக்கிட்டே இருக்கும், சனி ஞாயிறில் தொழிலும் பழகலாம் (வேலை ஒப்பந்தத்தில் அதுக்கு அனுமதி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க). அதிதியும் திடீர்னு 2016இல் குதிக்கலை. அதுக்கு முன்னாடி பல வருஷம் அமெச்சூரா ஆடி, தகுதிப் போட்டியை ஜெயிச்சுட்டு, அப்புறம்தான் புரொஃபஷனல் ஆனாங்க.

சம்பளக்காரர் கையில் இருக்கும் 3 ஆயுதம்

ஒண்ணு, பிஎஃப். கோல்ஃப் வீராங்கனைக்கு முதலாளி கிடையாது. அதனால முதலாளி பங்கும் கிடையாது. ஓய்வுக்காலத்துக்குத் தானே சேர்க்கணும். நம்ம தோல் பெல்ட்டில் நான் அடிக்கடி பார்ப்பது: ஒரு ஷூ கம்பெனியில் இருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்து வண்டி வாங்குறது, கல்யாணச் செலவு பண்றது. தயவுசெய்து பழைய கணக்கைப் புதுசுக்கு மாத்துங்க, எடுக்காதீங்க. 5 வருஷத் தொடர்ச்சியான சேவைக்கு முன்னாடி எடுத்தா பொதுவா வரியும் வரும். மாத்தினா பழைய கம்பெனி சேவையும் சேர்த்து எண்ணப்படும்.

ரெண்டு, காப்பீடு. மணிக்கட்டில் ஒரு காயம் போதும், கோல்ஃப் சீசன் முடிஞ்சது. உங்களுக்கு ஒரு விபத்து நடந்தா கம்பெனி காப்பீடு இருக்கு. ஆனா வேலை போன அன்னைக்கே அதுவும் போயிடும். அதனால சின்னதா ஒரு சொந்த மருத்துவக் காப்பீடு எடுத்து வைங்க. குடும்பம் உங்களை நம்பி இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸும்.

மூணு, வரி ஒழுங்கு. சம்பளத்தில் கம்பெனியே கணக்கு போட்டு டிடிஎஸ் பிடிச்சுடும். பக்க வருமானம் வந்தா கிளையன்ட் பில்லில் 10% பிடிச்சதோட வரி முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. அது முன்பணம் மாதிரி. சம்பளத்தோட சேர்த்துக் கணக்கு போடும்போது இன்னும் கட்ட வேண்டி வரலாம். டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 அல்லது அதுக்கு மேல வரி பாக்கி வரும்னா, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாசங்களில் 15ஆம் தேதிக்குள்ள அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். பில் பணம் வந்த அன்னைக்கே வரிக்குன்னு ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்க.

வீட்டில் ஒரு பொண்ணு "நான் விளையாட்டுக்குப் போறேன்"னு சொன்னா?

தங்கச்சியா இருக்கலாம், நாளைக்கு உங்க மகளா இருக்கலாம். "சோறு போடுமா?"ன்னு முதல் வரியிலேயே கேட்டுடாதீங்க. "வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் நம்மால முடியும், எந்தக் கட்டத்தில் திரும்பப் பார்ப்போம்?"னு மூணு கேள்வியோட உட்காருங்க. ஒரு பேப்பரில் எழுதுங்க, அவளையும் பக்கத்தில் உட்கார வைச்சு.

எல்லா விளையாட்டும் கோல்ஃப் இல்லை. கோல்ஃபில் செலவு அதிகம், மைதானம் குறைவு. தடகளம், கபடி, வாலிபால் மாதிரி விளையாட்டுகளில் செலவு குறைவு. ரயில்வே, காவல்துறை போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் இருக்கு. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கு. ரயில்வே ஊரான அரக்கோணத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பொண்ணுக்கு மாசச் சம்பளமும் கிடைச்சு, விளையாடவும் நேரம் கிடைச்சா, அவ கட் தாண்டினபடியே ஆடுறான்னு அர்த்தம்.

இந்த வார வீட்டுப்பாடம்

ஒரு தாள் எடுத்து 3 எண் எழுதுங்க.

- சம்பளத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும் பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் சேர்த்து, உங்க வேலையின் உண்மையான வருஷ மதிப்பு.
- சம்பளம் நின்னா, இன்னைக்குக் கையில் இருக்கும் பணத்தில் எத்தனை மாசம் ஓடும்.
- இன்னும் கைக்கு வராத பணத்தை நம்பி நீங்க கட்டிக்கிட்டு இருக்கும் இஎம்ஐ எவ்வளவு.

இரண்டாவது எண் 6க்குக் கீழ இருந்தா, வேலையை விடுற பேச்சை இப்போதைக்கு ஓரமா வைங்க. 12க்கு மேல இருந்து, மூணாவது எண் பூஜ்யமா இருந்தா, உங்க ஆசையைத் தைரியமா எடுத்துப் பேசலாம்.

இதே கணக்கை உங்க சம்பளத்துக்கு எப்படிப் போடுறதுன்னு எக்செல் ஷீட்டோட அடுத்த வீடியோவில் காட்டுறேன். உங்க எண்ணை எழுதி வைச்சுக்கிட்டு வாங்க, சேர்ந்து போடலாம்.

(வரி விதிகள் பொதுவான புரிதலுக்காகச் சொன்னவை. உங்க கேஸுக்கு முடிவெடுக்கும் முன் உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.)